அம்மா தூக்காத குடம்

பதினொன்று இருபதுக்கு என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள், மணி இப்போது பதினொன்று ஐந்து. இந்த ஓட்டல்காரன் ஏசியை எதற்கு இப்படித் திருகி வைத்திருக்கிறானோ, விரலெல்லாம் விறைத்துப் போகிறது, கையிலிருக்கும் காகிதம் மட்டும் என் வியர்வையில் ஊறி ஓரம் சுருண்டுவிட்டது. ஒரே ஒரு பக்கம். நானூற்று எண்பது சொல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்க்காவிட்டால் எதிரே நிறுத்தி வைத்திருக்கும் பலகையைப் பார்க்க வேண்டியிருக்கும், 'நாளைய தலைவர்களே வருக' என்று. நாளைய தலைவர்கள் ஏழு பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறோம். வடக்கே இருக்கும் ஒரு பெரிய மேலாண்மைக் கல்லூரி சென்னைக்கு வந்து இந்த ஓட்டலின் இரண்டாம் மாடியில் ஆள் எடுக்கிறது. ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு உன் இலக்கு என்ன என்று கேட்பார்கள், அவர்களுக்குப் பிடித்த மாதிரி சொன்னால் சீட்டு. என் இலக்கின் முதல் வரி இது: நான் சிறுமியாக இருந்தபோது என் தாய் தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து தண்ணீர்க் குடம் சுமந்து வருவாள். பொய். பச்சைப் பொய். என் அம்மா பூவாத்தாள் தண்ணீருக்காகத் தெருமுனைகூடத் தாண்டியதில்லை. திருச்செங்கோட்டில், அதுவும் ரிக் வண்டிக்காரர் வீட்டில், தண்ணீருக்கு என்ன குறை? லாரி மேல் துளை போடும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் போர் போடுகிற வண்டிதான் ரிக், எங்கள் ஊரிலிருந்து அது போகாத மாநிலம் இல்லை, அப்பா அதில் டிரில்லர். கல்யாணமான மூன்றாம் மாதம் முதலாளியைக் கெஞ்சி வண்டியைச் சந்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து வாசலிலேயே முந்நூற்று இருபது அடி போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் ஸ்விட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது.

குடத்தைக் கொண்டுவந்து அம்மாவின் இடுப்பில் வைத்தவன் நிரஞ்சன். கோயம்புத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையில் உட்கார்ந்து, இந்த மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுகிறவர்களின் கட்டுரையைத் திருத்திக் கொடுப்பது அவன் தொழில். என்னைவிட இரண்டு வயது சின்னவன். முதல் நாளே என் பெயரை வெட்டினான். பாகம்பிரியாள் என்றேன், எங்கள் மலைமேல் இருக்கிற அம்மன் பெயர் என்றேன், "ரொம்ப நல்ல பேர், நாம ப்ரியான்னே வெச்சுக்கலாம்" என்றான். நாமாம். அவன் பெயரை வெட்டுகிற மாதிரி. பிறகு இலக்கைக் கேட்டான். சொந்தமாக ரிக் ஓட்டுவேன், இரண்டு வண்டியில் ஆரம்பித்து இருபதாக்குவேன், வண்டி பழுதானால் எங்கே நின்றாலும் ஒரு நாளில் ஆளும் சாமானும் போய்ச்சேருகிற மாதிரி ஆறு மாநிலத்தில் சர்வீஸ் வைப்பேன் என்று சொன்னேன். அவன் பேனாவை மூடினான். "ப்ரியா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரிக்னா என்னன்னு அங்க உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியாது. தண்ணின்னா தெரியும். நீங்க தண்ணி எடுக்கற பக்கம் நிக்கறீங்க, தண்ணிக்கு ஏங்கற பக்கம் வந்து நில்லுங்க. கதை அங்கதான் இருக்கு." கதை. எனக்கு இருபத்தெட்டு வயது, ஆறு வருடம் ரிக் ஆபீசில் உட்கார்ந்து ஒரு தொழிலைக் கரைத்துக் குடித்திருக்கிறேன், என்னிடம் கதை இல்லையாம். கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. போன வருடம் என் சொந்தக் கதையைச் சொல்லித் தோற்றவள் நான், அதனால் தலையை ஆட்டினேன்.

போன வருடமும் இதே கல்லூரிதான், ஊர் மட்டும் பெங்களூர். அப்போது கட்டுரையை நானே எழுதினேன். இரண்டு வாரம், ஆபீசிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தால் அதே வேலை. பொய் ஒரு வரி இல்லை. அவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், நடுவில் தங்கச் சட்டம் போட்ட கண்ணாடிக்காரர், பேராசிரியர். நான் பேசப் பேச அவர் தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம். லேபிள் முழுசாகக் கழன்று வந்ததும் நிமிர்ந்து பார்த்து, "இது ரொம்பவும் ஒரு சூப்பர்வைசருடைய இலக்காக இருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சூப்பர்வைசர். கெட்ட வார்த்தை மாதிரிச் சொன்னார். படித்து முடித்து மறுபடியும் அதே ஊருக்கே போவேன் என்கிறாய், பிறகு எங்கள் படிப்பு உன்னை எங்கே கொண்டுபோயிற்று என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன்? இந்தப் பதினாலு மாதத்தில் அந்தப் பதிலை நூறு தடவை வேறு வேறாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், அப்பாவின் டிவிச் சத்தத்துக்கு நடுவில், அதனால் அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னேன் என்பது மறந்தே போய்விட்டது. ஊருக்குப் போகக் கூடாதா? முதலாளி மகன் ஊருக்கு வந்தால் அவனுக்கு டைரக்டர் என்று போர்டு மாட்டுகிறார்கள், நான் வந்தால் வளரவில்லையா? மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இலக்கில் தெளிவும் விரிவும் போதாது என்றார்கள். தெளிவு போதாதாம்.

பக்கத்து நாற்காலிக்காரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கிறான். கறுப்புக் கோட்டு, உள்ளே வெள்ளைச் சட்டையில் கடைக்காரன் போட்ட மடிப்பு இன்னும் அழியவில்லை. "எக்ஸ்க்யூஸ் மீ, உங்க கோல் என்னன்னு தெரிஞ்சுக்கலாமா? சும்மாதான், டென்ஷனா இருக்கு" என்றான். தண்ணீர் மேலாண்மை என்றேன். "அய்யோ செம்மங்க. இம்பாக்ட்! எனக்கெல்லாம் ஒண்ணுமே இல்ல, அதே சாஃப்ட்வேர்தான், ப்ராடக்ட் மேனேஜர் ஆகணும்னு எழுதிருக்கேன். உங்களுக்கு நிச்சயம் கிடைச்சுரும்." பாவம், நிஜத்தைச் சொல்கிறான், தனக்கு ஒன்றும் இல்லை என்கிறான். எனக்கு அவன் மேல் எரிச்சல் வந்தது. அவன் என்ன செய்தான் என்னை? ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் அந்த மடிப்பும் அந்தச் செம்மங்கவும். நன்றி என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டாவது பத்தி: அந்த நாட்களில்தான் நான் முடிவெடுத்தேன், எந்தத் தாயும் தண்ணீருக்காக நடக்கக் கூடாது என்று. எந்த நாட்களில்? நான் அந்த நாட்களில் அம்மா கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ரப்பர் வளையங்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். சங்ககிரி ரோட்டில் ரிக் உதிரிபாகக் கடை, அம்மா தனியாக ஆரம்பித்தது. பாறையை உடைக்கிற பிட்டைக் கொண்டுவந்து மேஜையில் போடுவார்கள், அம்மா கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "இதுல இன்னும் நானூறு அடி இருக்குது, எதுக்குப் புதுசு, சாணை புடிச்சு ஓட்டு" என்பாள். விற்க வேண்டியவளே விற்க மாட்டேன் என்பாள், அதனாலேயே அவளிடம் வந்தார்கள். அந்தக் கட்டைவிரலைப் பற்றிப் போன வருடம் எழுதினேன். இந்த வருடம் அந்தக் கையில் குடம்.

எனக்கு என்ன தெரியும் என்று இவர்களுக்கு எப்படிச் சொல்வது? வடக்கே அம்பிகாபூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் எங்கள் வண்டி நிற்கும், டிரில்லர் எனக்குப் போன் போடுவான், "அக்கா, எழுநூறு போயாச்சு, வெறும் பொகைதான் வருது" என்பான். போனிலேயே கேட்கும், பாறையில் ஹேமர் அடிக்கிற சத்தமும், அதற்குப் பின்னால் நிலத்துக்காரன் இந்தியில் அழுகிற சத்தமும். இன்னும் ஒரு ராடு, இன்னும் ஒரே ஒரு ராடு என்று கெஞ்சுவான். துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ராடு இறக்க இறக்க எங்களுக்குக் காசு, நிறுத்தினால் நஷ்டம் எங்களுக்குத்தான், ஆனாலும் எந்த அடியில் நிறுத்தச் சொல்வது என்பது என் வேலை. பாறை என்ன நிறத்தில் தூளாக வருகிறது, சுற்று வட்டாரத்தில் யார் போர் எத்தனை அடி, கம்ப்ரஸர் சத்தம் மாறுகிறதா, எல்லாம் கேட்டு நான் சொல்ல வேண்டும். முன்னே பின்னே தெரியாத ஒரு மனுஷனிடம், உன் நிலத்தில் தண்ணீர் இல்லை, விட்டுவிடு என்று போனில் இந்தியில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல. சொல்லிவிட்டு அன்றைக்குச் சோறு இறங்காது. இதுதான் நான். இதைத்தான் சூப்பர்வைசர் என்றார். அதே பக்கம் ஜாஷ்பூரில் ஒரு வேலையில் நானூற்று எண்பதடியில் ஹேமர் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வராமல் கிடந்ததே, மணிக்கணக்கில் போனில் இருந்து, தூக்கு, திருப்பு, காற்றைக் குறை, மறுபடி திருப்பு என்று சொல்லிச் சொல்லி மேலே கொண்டுவந்தது யார்? முதலாளி மறுநாள் ஆபீசில் மிட்டாய் கொடுத்தார், "நம்ம கிருத்திக் எப்படியோ சமாளிச்சுப் போட்டான்" என்று. கிருத்திக் அவர் மகன், அப்போது கோவாவில் இருந்தான். எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். பாதாம் கேக். சாப்பிட்டேன், அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது, சாப்பிட்டேனே. பங்கு கேட்டபோது முதலாளி சிரித்தார். "நீ நல்ல புள்ளதான், இல்லீங்கல. ஆனா ரிக்குல பொம்பளப் புள்ளைக்குப் பங்கு குடுத்தா வண்டிக்காரன் எவன் மதிப்பான்? கல்யாணம் கட்டிட்டு உன்ற ஊட்டுக்காரனக் கூட்டிட்டு வா, பேசலாம்." அன்றைக்குத்தான் இந்தப் படிப்பு என்று முடிவு செய்தேன். அந்தக் கல்லூரியின் பெயர் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் பேங்க்காரன் எனக்குக் கடன் கொடுப்பான், ஊட்டுக்காரன் எங்கே என்று கேட்க மாட்டான். அதற்குத்தான் இந்தச் சீட்டு, வேறு எதற்கும் இல்லை, அதற்காகவே இது கிடைத்தாக வேண்டும், மூன்றாம் தடவை விண்ணப்பிக்க முடியாது என்று விதி வைத்திருக்கிறார்கள், இன்றோடு சரி.

அம்மாவிடம் கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஏன் காட்டினேன்? அவள் திட்டுவாள் என்றுதான். என்னடி இது, என்னைப் பிச்சைக்காரி மாதிரி எழுதி வைத்திருக்கிறாய் என்று அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன், கிழித்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒரு வாடிக்கையாளருக்கு ஹோஸ் வெட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "சீட்டு கெடைச்சுருமா?" என்றாள். கிடைக்கும் என்கிறார்கள் என்றேன். "அப்பொறம் என்ன அம்மணி? குடத்த ஒண்ணு வேணாலும் வெய்யி, ரண்டு வேணாலும் வெய்யி. நானா போய்ப் படிக்கப் போறேன்." சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அப்பா மேல் எரிந்து விழுந்தேன், டிவிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி. இருபத்தைந்து வருடம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று காது போன மனுஷர். அவருக்கு நான் கத்தியதே கேட்கவில்லை, "சாப்பிட்டயா?" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து என்னை இப்படிப் பண்ணுகிறார்கள். கோபப்பட வேண்டியவர்கள் கோபப்பட்டிருந்தால் நான் இங்கே இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கதவு திறந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடக்கிற பெண், கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டிருப்பவள், மேஜையில் அடுக்கியிருந்த கோப்புகளில் ஒன்றை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். மெலிசான நீலக் கோப்பு. இப்போது போனவனுடையது. மீதி ஆறு மேஜையில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் பெயர். அடுத்தது என்னுடையது, மேலே இருக்கிறது, எட்டிப் பார்த்தாலே தெரிகிறது. ஏன் அது மட்டும் தடியாக இருக்கிறது? நீலத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் கோப்பு, இரண்டையும் சேர்த்துக் கறுப்புக் கிளிப் போட்டிருக்கிறார்கள். மஞ்சள். போன வருடம் பெங்களூரில் அந்தப் பேராசிரியர் கையில் இருந்தது மஞ்சள் கோப்பு. போன வருடக் கட்டுரையும் இந்த வருடக் கட்டுரையும் ஒரே கிளிப்பில். போன வருடத்தில் என் அம்மா சங்ககிரி ரோட்டில் கடை வைத்திருக்கிறாள், பிட்டைத் தடவுகிறாள், வாசலில் போர் போட்ட வீட்டில் நான் வளர்கிறேன், அந்த முந்நூற்று இருபது அடியைக்கூட எழுதினேன், பெருமையாக எழுதினேன். இந்த வருடத்தில் அதே அம்மா மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள். விண்ணப்பத்திலேயே கேட்டிருந்தார்கள், முன்பு விண்ணப்பித்தீர்களா என்று, ஆம் என்று டிக் போட்டது இதே கைதான். அந்தப் பழைய கட்டுரையை நிரஞ்சனிடம் காட்டினேனா? காட்டவில்லை. ஒரு தடவைகூடக் காட்டவில்லை. வெட்கம். தோற்ற காகிதத்தை எவனிடம் போய்க் காட்டுவது என்று அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். இலக்கை மாற்றலாம், மனுஷருக்கு மனம் மாறும், ஆனால் அம்மாவை மாற்றியிருக்கிறேன். முட்டாள். முட்டாள். ஆறு வருடம் எங்கே நிறுத்துவது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள்.

போனை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனேன். நிரஞ்சன் மூன்றாவது மணியில் எடுத்தான், பின்னால் யாரோ ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், இன்னொருவர் கதை போல. விஷயத்தைச் சொன்னேன். "ஏங்க, இத முன்னாடியே சொல்லியிருக்க வேணாமா?" என்றான். என் குரல் உயர்ந்துவிட்டது, "நீங்க கேட்டீங்களா? போன வருஷம் என்ன எழுதுனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன், கைகழுவிக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர் திரும்பிப் பார்த்தார். "ப்ரியா, ரிலாக்ஸ். பழைய ஃபைலெல்லாம் யாரும் தொறக்கறதில்ல. தொறந்து கேட்டா, ஐ ஹேவ் எவால்வ்டுன்னு சொல்லுங்க. ஆல் த பெஸ்ட்." வைத்துவிட்டான். நான் வளர்ந்திருக்கிறேனாம். சரி, என் அம்மாவும் வளர்ந்துவிட்டாளா, கடையிலிருந்து குடத்துக்கு? கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். வாடகைக் கோட்டு தோளில் கொஞ்சம் பெரிது. கேட்கட்டும் என்று தோன்றியது அப்போது. அந்தக் கண்ணாடிக்காரர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது உன் அம்மா என்று கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. பயமும் அதுதான், ஆசையும் அதுதான், இரண்டையும் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை, அந்தப் பெண் "ப்ரியா? ப்ரியா பி.?" என்று வராந்தாவில் கூப்பிடுகிறாள்.

அதே ஆள். தங்கச் சட்டம். எதிர்பார்த்ததுதான். பக்கத்தில் சாம்பல் நிறப் புடவையில் ஓர் அம்மையார், கல்லூரியின் பழைய மாணவியாம், கோடியில் ஓர் இளைஞன், அவன் பேசவே இல்லை, தட்டச்சு செய்துகொண்டே இருந்தான். எல்லாம் ஆங்கிலம். "உட்காருங்கள் ப்ரியா, நாம் சந்தித்திருக்கிறோம் அல்லவா?" என்றார். ஆமாம் சார். கிளிப்பைக் கழற்றினார். நீலத்தை வலது பக்கம் வைத்தார், மஞ்சளை இடது பக்கம் வைத்தார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மையார் முதலில் பேசினார், உங்கள் கட்டுரை என்னை மிகவும் பாதித்தது, படித்துவிட்டு என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன் என்றார், நன்றி மேடம் என்றேன். பேராசிரியர் மஞ்சளைத் திறந்தார். பக்கத்தைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "போன வருடம் உங்கள் தாய்க்கு ஒரு கடை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், வீட்டிலேயே கிணறு என்றும்?" வந்துவிட்டது. என் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது, சத்தியமாக நிம்மதி, ஆமாம் சார், அதுதான் என் அம்மா, இது இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். "கடையும் கிணறும் பிறகு வந்தவை, சார். அதற்கு முன்னால் நடந்தது இது" என்றேன். யார் சொன்னது? நான்தான். குரல்கூட நடுங்கவில்லை. கிணறு கல்யாணமான மூன்றாம் மாதம் என்று அதே மஞ்சள் காகிதத்தில், அவர் விரலுக்கு இரண்டு வரி கீழே இருக்கிறது, கீழே பாருங்கள் சார், இரண்டே வரி. இன்னொரு கேள்வி கேள். கேள், அய்யா. அவர் விரலை எடுத்துவிட்டார். முகம் மலர்ந்தது. "குடம் சுமந்த பெண் ஒரு கடைக்கு முதலாளி ஆகியிருக்கிறார். இதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை? இதுவல்லவா பயணம்!" என்று பக்கத்து அம்மையாரிடம் திரும்பினார், அவரும் தலையசைத்தார், இளைஞன் அதையும் தட்டச்சு செய்தான். மஞ்சள் கோப்பு மூடியாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகப் போயிற்று, அதுதான் கொடுமை. போன வருடம் ரிக், இந்த வருடம் நீர்ப் பாதுகாப்பு, ஏன் மாற்றம் என்று அம்மையார் கேட்டார். நிலத்துக்காரன் அழுததைச் சொன்னேன், இன்னும் ஒரு ராடு என்று கெஞ்சியதை, நான் நிறுத்தச் சொன்னதை. அது நிஜம். என்னிடம் இருந்த ஒரே நிஜத்தையும் எடுத்து இந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். அந்த நாளிலிருந்து பூமியைத் துளைப்பது தீர்வல்ல என்று உணர்ந்தேன் என்றேன், உணரவே இல்லை, அடுத்த நாளே பக்கத்து ஊரில் வண்டியை நிறுத்திப் போர் போட வைத்தேன், நானூறில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, அந்தச் சத்தத்தைப் போனில் கேட்டு நான் ஆபீசில் எழுந்து நின்றேன். அதைச் சொல்லவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. நடிக்கவில்லை, ஆத்திரத்தில் வந்த தண்ணீர், அவர்களுக்கு அது தெரியுமா? அம்மையார் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். இந்த ஒரு வருடத்தில் எவ்வளவு முதிர்ச்சி, இதைத்தான் நாங்கள் தேடுகிறோம் என்றார் பேராசிரியர். எதை? இந்த ஒரு வருடத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்றுதான், உங்களுக்கு எது ருசிக்கும் என்பது. அவரை எழுந்து அடிக்க வேண்டும் போல இருந்தது, காலில் விழுந்து நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு புன்னகை செய்தேன். எழுந்திருக்கும்போது அவர் கையை உயர்த்தி, ஒரு நிமிடம் என்றார். "முடிவை நான் இப்போது சொல்லக் கூடாது. ஆனால் ஜூன் மாதத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சிரித்தார். "புது மாணவர்களைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு புத்தகம் போடுகிறோம். உங்கள் தாயாரின் புகைப்படம் ஒன்று வேண்டும். குடத்தோடு இருந்தால் மிகவும் நன்றாக இருக்கும். இப்போது எடுத்தாலும் பரவாயில்லை." அனுப்புகிறேன் சார் என்றேன்.

வெளியே வந்தேன். கறுப்புக் கோட்டுக்காரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, எப்படி என்று கண்ணால் கேட்டான், நல்லபடியாகப் போயிற்று என்று தலையாட்டினேன். லிஃப்ட் வரவில்லை, படியில் இறங்கினேன், பாதிப் படியில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரே கேட்கிற மாதிரி, "சொல்லு அம்மணி!" என்றாள், கடையில்தான் இருந்தாள், யாரோ குழாய்க்கு அரை இஞ்ச் நிப்பிள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிடைத்த மாதிரிதான் என்றேன். "அட என்ற சாமி!" என்று கத்தினாள், உடனே எதிரில் நின்ற ஆளிடம், "என்ற புள்ளைக்குச் சீட்டு கெடைச்சுருச்சு, நீ அந்த நிப்பிளச் சும்மா எடுத்துட்டுப் போ" என்றாள். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு போட்டோவைச் சொன்னேன். குடத்தோடு வேண்டுமாம், புத்தகத்தில் போடுவார்களாம். வேகமாகச் சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டு அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லு. என்னை யார் என்று நினைத்தீர்கள் என்று கேளு. இந்தக் கடையின் கதவைத் திறந்து உள்ளே வந்து பார்க்கச் சொல்லு அவர்களை. கடை வாசலில் ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது, யாரோ வா வா வா என்று வண்டியைத் தட்டினார்கள், அது நின்றது. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பது போல.

"நம்ம ஊட்டுல குடமே இல்லியே அம்மணி. பக்கத்து ஊட்டுல கேட்டு வாங்கறேன். பிளாஸ்டிக்கு ஆவுமா, பித்தளைதான் வேணும்பாங்களா?"

"பித்தளைம்மா" என்றேன்.